அட்மிரல் ஆன பொம்மை

கடற்படையில் இப்போது பதவி உயர்வைக் கணினிதான் போடுகிறது. பணியில் உயிர்விட்டால் ஒரு படி உயர்வு. முதலுதவிப் பயிற்சிக்காகக் கப்பலுக்கு வந்து, கணினியின் ஆள் பட்டியலிலும் ஏறிவிட்ட ரப்பர் பொம்மை, நெஞ்சை அமுக்கிப் பழகிய மாலுமிகளின் கையில் தினமும் செத்துச் செத்தே அட்மிரலாகிவிட்டது.

கேப்டன் ரங்கபாஷ்யமே அதற்குச் சல்யூட் வைத்தாக வேண்டும். பதவி மரியாதையில் அவர் கறார். சமையல்காரரின் தீக்காயத்துக்குக் கட்டுப் போடும்வரை தன் விரல் சுளுக்கு காத்திருக்க நேர்ந்த கோபத்தில், இனிச் சிகிச்சை பதவி வரிசைப்படிதான் என்று உத்தரவே போட்டவர்.

இன்று பயிற்சியைத் தொடங்கிவைக்க வந்தவர், கொளுத்தும் வெயிலில் பொம்மைக்குச் சல்யூட் வைத்தபடியே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அதன் பக்கத்தில் சரிந்தார். பயிற்சியாளர் மிராண்டா பதறி ஓடிவந்து, பொம்மையின் முன் மண்டியிட்டு அதன் நெஞ்சை அமுக்கத் தொடங்கினார்.

"யோவ், நெஞ்சு அடைக்குதுய்யா. என்னைப் பாரு."

"அட்மிரல் பொழைச்சதும் அடுத்தது நீங்கதான் சார்."

"அது ரப்பர்யா."

"உங்க உத்தரவுல ரப்பருக்கு விலக்கு இல்லையே சார்."

"அந்த உத்தரவு ரத்து. இப்பவே ரத்து."

"கப்பல்ல மேலதிகாரி இருக்கும்போது அவர் சம்மதம் வேணுமே சார். கண்ணு முழிக்கட்டும், கேட்டுடறேன்."