பதினேழாவது பிழை

முன் வரிசையில் உட்கார்ந்து, மேடையிலிருந்து வரும் ஒரு வார்த்தையைக்கூடக் கீழே விழ விடாமல் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார் புரூஃப் ஐயா. பின் வரிசை அம்மாள் தூங்கி வழிந்த தன் கணவரை முழங்கையால் இடித்தாள். "அங்க பாருங்க, பிரசங்கத்தை எப்படி எழுதிக்கறாருன்னு. நீங்களும் இருக்கீங்களே!"

நோட்டில் அவர் சிவப்பு மையில் எழுதியிருந்தது இதுதான்: 'பிழை 14. உவமையில் எஜமான் வேலைக்காரர்களுக்குக் கொடுத்த தாலந்துப் பணம் ஐந்து, இரண்டு, ஒன்று. இவன் ஐந்து, மூன்று, ஒன்று என்கிறான்.'

அச்சகத்தில் முப்பது வருஷம் பிழை திருத்தியவர். சபையில் அவருக்குப் பேரே புரூஃப் ஐயா என்று ஆகிவிட்டது.

நாற்பது வாரமாக ஞாயிறுதோறும் மேடையில் நின்று பிரசங்கிப்பவன் ஒரு மெக்கானிக். பக்கத்துத் தெருவில் ஸ்கூட்டர் ஷெட் வைத்திருக்கிறான். பள்ளிக்கூடத்தோடு பாதியிலேயே பேச்சு வார்த்தை முறிந்தவன், நகக்கண்ணில் கிரீஸோடு வேதப் புத்தகத்தைப் புரட்டுகிறான்.

"கடவுள் குடுத்ததைப் பத்திரமா பொதைச்சு வெச்சிருக்கேன்னு சொல்றோம். ஓட்டித் தேஞ்ச வண்டியை விட, உறை போட்டு மூடி வெச்ச வண்டிதாங்க என் ஷெட்டுக்கு அதிகம் வருது. பத்திரமா வெச்சு வெச்சே பேட்டரியைக் கொன்னுடறாங்க!"

சபை சிரித்தது. கொஞ்ச நேரத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டது.

'பிழை 15. வேதத்தில் பேட்டரி கிடையாது.'

எழுதிவிட்டாரே தவிர, வயிறு எரிந்தது. வீட்டு பீரோவில், பிளாஸ்டிக் உறைக்குள், அவருடைய சொந்தப் பிரசங்கம் ஒன்று பதினோரு வருஷமாகப் படுத்திருந்தது. இருபத்து மூன்று முறை திருத்தியாகிவிட்டது. அதில் ஒரு பிழைகூட இல்லை. அதைக் கேட்ட ஆளும் இல்லை.

'பிழை 16. ஏழு நிமிஷம் அதிகம்.'

இன்னொரு எரிச்சலும் உண்டு. ஒரு வாரம் செய்த தப்பை மெக்கானிக் மறு வாரம் செய்வதே இல்லை. புதிது புதிதாகத்தான் செய்கிறான். அதில்கூட அவனுக்கு ஒரு கற்பனை வளம்!

மேடையை விட்டு இறங்கும்போது அவன் நேரே முன் வரிசையைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தான். புரூஃப் ஐயாவின் பேனா துடித்தது.

'பிழை 17. திமிர்.'

வாசலில் அவர் மனைவி வழக்கம் போலக் கையை நீட்டினாள். "நோட்டைக் குடுங்க, என் பையில வெச்சுக்கறேன். நாளைக்கு வேற வண்டியை ஷெட்டுல விடணும். பிரேக் கிறீச்சுங்குது."

"போன திங்கக்கிழமைதானே பிரேக் பார்த்தான்?"

"அது முன் பிரேக்."

"வண்டிக்கும் அவன்தான், சபைக்கும் அவன்தான். நல்லா இருக்குடி! நோட்டு இன்னைக்கு எனக்கே வேணும். ஆண்டு விழாவுல யார் பிரசங்கம் பண்றதுன்னு இப்ப கமிட்டியில முடிவு பண்றாங்க. அவன் வண்டவாளம் மொத்தத்தையும் காட்டப் போறேன்."

அவள் முகம் ஒரு நிமிஷம் வெளுத்தது. அப்புறம் என்ன நினைத்தாளோ, உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள். "தாராளமாக் காட்டுங்க."

பக்கத்து அறையில் நீள மேஜை, ஆறு நாற்காலி. ஓர் ஓரத்தில் மெக்கானிக்கும் கை கட்டி நின்றான். பாஸ்டர் வருஷா வருஷம் கேட்பதைப் போல முதலில் புரூஃப் ஐயாவைத்தான் கேட்டார்.

"ஐயா, இந்த வருஷமாவது நீங்க பேசறீங்களா? உங்களை மாதிரி வேதம் படிச்சவங்க இங்க யாரு?"

'சரி' என்று சொல்ல ஒரு விநாடி போதும். அந்த விநாடிக்குள் இருநூறு பேர் முகம், நடுவில் ஒரு வார்த்தை மறந்துபோவது, பின் வரிசையில் யாரோ சிரிப்பது எல்லாம் கண்ணுக்குள் ஓடியது.

"இன்னும் ஒரே ஒரு தடவை பார்த்துடறேன், பாஸ்டர். அடுத்த வருஷம்..."

"சரி, அப்ப மெக்கானிக் தம்பியே..."

அவ்வளவுதான். புரூஃப் ஐயா நோட்டை மேஜை மேல் பொத்தென்று போட்டார். "முடிவு பண்றதுக்கு முன்னாடி இதைப் பாருங்க! நாப்பது வாரம். அறுநூத்திப் பன்னெண்டு தப்பு. ஒவ்வொண்ணுக்கும் சரியானது எதுன்னும் பக்கத்துலயே எழுதியிருக்கேன்."

பாஸ்டர் பக்கங்களைப் புரட்டினார். வசன எண்கள், ராஜாக்களின் பெயர்கள், எந்தக் கதை எதற்கு முன் வர வேண்டும் என்ற அம்புக்குறிகள். எல்லாம் சிவப்பில், முத்து முத்தான எழுத்தில். "இவ்வளவும் நீங்களா எழுதினீங்க?" என்றார் மெதுவாக.

"ஒண்ணு விடாம!" நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார். மெக்கானிக் தலை குனியப் போவதைப் பார்க்க அவன் பக்கம் திரும்பினார்.

மெக்கானிக் இரண்டு கையையும் சட்டையில் அழுத்தித் துடைத்துக்கொண்டான். நோட்டைப் பயபக்தியாக எடுத்து, தேடாமலேயே கடைசிப் பக்கத்தைத் திருப்பினான். அவன் முகமெல்லாம் மலர்ந்தது.

"அட, இந்த வாரம் அண்ணிகிட்ட குடுத்து விடாம, எனக்காக நீங்களே கொண்டாந்துட்டீங்களாண்ணே!"