பாய் கடையில் பூட்டு

கள்ளக்குறிச்சியில் ஜான் பாஷாவின் பிரியாணிக் கடை பூட்டியிருந்தது. தினமும் வருகிறவர்கள் வாசலில் திகைத்து நின்றார்கள்.

"இன்னா பாய், இப்பிடி வயித்துல அடிக்கிறீங்க?" என்றான் கொளஞ்சியப்பன்.

"இட ஒதுக்கீடு கேட்டு தலைவரு மூணு நாளா பட்டினி கெடக்கறாரு. பந்தலுக்கு எதிர்லயே நான் தம் போட்டா நல்லாவா இருக்கும்? அவரு உண்ணாவிரதத்த முடிக்கிற வரைக்கும் அடுப்பு எரியாது."

மற்றவர்கள் முனகிக்கொண்டே இட்லிக் கடைக்கு நடந்தார்கள். கொளஞ்சியப்பன் நகரவில்லை.

"ஒரே ஒரு பொட்டலம் பாய். ஒரு நோயாளிக்கு. உங்க பிரியாணியத் தவிர வேற எதுவும் எறங்கமாட்டேங்குது."

"நோயாளிக்குக் கஞ்சி குடுப்பா."

"கஞ்சின்னாலே அடிக்க வராரு பாய். கால்ல வேணா வுழறேன்."

ஜான் பாஷா மசியவில்லை.

கொளஞ்சியப்பன் வெறுங்கையோடு பந்தலுக்குள் போனான். மாலைகளுக்கு நடுவே சாய்ந்திருந்த தலைவருக்கு விசிறுவதுபோல் குனிந்து, "பாய் கடைய மூடிட்டாரு," என்றான்.

தலைவரின் முகம் வெளுத்தது. "எப்பத் தொறப்பாராம்?"

"நீங்க உண்ணாவிரதத்த முடிச்சாதான்."

தலைவர் மைக்கை இழுத்தார். "தாய்மார்களே, உங்கள் கண்ணீரை இனியும் என்னால் தாங்க முடியாது. பழச்சாறு அருந்தச் சம்மதிக்கிறேன்."

அதைக் கேட்ட பிறகுதான் பெண்கள் அழத் தொடங்கினார்கள்.