வாசலில் நிற்கும் குதிரை

"மணிச் சத்தம் கேக்குதுடி, லோவென்னா. உன் குதிரை வருது."

எதிர்வீட்டுச் சலவைக்காரி ஆக்னஸ் ஈரத்துணியை உதறிக்கொண்டே சொன்னாள். ரொட்டிக்கடை லோவென்னா காதில் விழாதவள் போல மாவைப் பிசைந்தாள். ஆனால் கன்னத்தில் ஒட்டிய மாவை அவசரமாகத் துடைத்துக்கொண்டாள். கனடாவின் கரிபூ தங்கமலையில் ஆக்னஸின் கண்ணுக்குத் தப்பியது எது?

"என் குதிரையா? அது கசிமிரோவோட குதிரை."

"வந்து நிக்கிறது உன் வாசல்லதானே? அது கிடக்கட்டும். கசாப்புக்கடை ஹாப்ஸுக்கு என்ன சொல்லப்போற? சாயங்காலம் பதில் கேட்டு வந்துருவாரே."

"கட்டிக்கிறேன்னுதான் சொல்லணும். பனி விழுந்தா பாதை அடைச்சிரும். இன்னொரு குளிர்காலம் தனியாக் கிடக்க என்னால ஆகாது."

"கசிமிரோ?"

"நாலு வருஷமா வர்றான். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னானா? குதிரை நிக்கலைன்னா இந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பாக்க மாட்டான்."

மெக்சிகோக்காரன் கசிமிரோ சரக்கு இறக்க வேண்டிய கடை தெருக்கோடியில் இருந்தது. ஆனால் அவன் கயிற்றைப் பிடித்து நடத்திவரும் வெள்ளைக் குதிரை, ஒவ்வொரு நடையும் லோவென்னாவின் வாசலில் நட்டுவைத்தது போல நின்றுவிடும். அதன் கழுத்து மணிக்குப் பின்னால்தான் நாற்பது கோவேறு கழுதைகளும் நடக்கும். அது நின்றால், மாவும் மண்வெட்டியும் சுமந்து வரும் நாற்பதும் நின்றுவிடும். தெருவே அடைத்துக்கொள்ளும். சுரங்கக்காரர்கள் வாய்க்கு வந்தபடி திட்டுவார்கள். லோவென்னா வந்து ரொட்டி ஊட்டினால்தான் ஊர்வலம் நகரும்.

இன்றும் நின்றது.

கசிமிரோ கயிற்றை இழுத்து இழுத்துப் பார்த்தான். "மன்னிக்கணும் சென்யோரா. பிடிவாதக் கழுதை. உங்க ரொட்டிக்கு அடிமையாயிருச்சு."

"குதிரையை ஏன்யா கழுதைங்கிற?" என்றாள் ஆக்னஸ்.

லோவென்னா குதிரையிடம் ரொட்டித் துண்டை நீட்டினாள். "இதுதான் கடைசித் தடவை, பலோமா. அடுத்த நடை வரும்போது நான் இந்த வாசல்ல இருக்க மாட்டேன்."

கசிமிரோவின் கை கயிற்றிலேயே உறைந்தது. குதிரை ரொட்டியை முகர்ந்தது; பிடிக்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டது.

"ஏன் திங்கலை? ஒடம்பு சரியில்லையா?" என்று அதன் காதைத் தடவினாள். பலோமாவின் இடது காதில் கரடி கிழித்த வடு இருக்கும். விரலுக்கு ஒன்றும் தட்டுப்படவில்லை.

"பலோமா எங்க?"

கசிமிரோ தொப்பியைக் கழற்றினான். "போன நடை திரும்பும்போது ஆத்து வெள்ளம் கொண்டுபோயிருச்சு, சென்யோரா. இது புதுசு. இந்த ஊருக்கே இன்னிக்குத்தான் முதல் தடவையா..."

சொல்லிக்கொண்டே வந்தவன் சட்டென்று நிறுத்தினான். அவன் காது மடல் வரை சிவந்துவிட்டது.

லோவென்னா ரொட்டித் துண்டை அவன் கையில் வைத்தாள். "நாலு வருஷமா தப்பான ஆளுக்கு ஊட்டிட்டிருந்திருக்கேன்."