ஓடி வந்து ஐந்து குண்டு

"நூறு மீட்டர் ஓடினா மூச்சு வாங்கத்தான்யா செய்யும். அதுக்காக ஒரு குண்டுகூட அட்டையில படலைன்னா எப்படி?"

துப்பாக்கி சுடும் தேர்வில் இன்ஸ்பெக்டரும் ஏட்டும் ஒன்றாக ஓடிவந்து, நின்ற வேகத்தில் ஆளுக்கு ஐந்து குண்டு சுட்டிருந்தார்கள். இன்ஸ்பெக்டரின் அட்டையில் நடுவட்டத்துக்குள் ஐந்து ஓட்டைகள். பக்கத்தில் ஏட்டின் அட்டை, அச்சாபீஸிலிருந்து வந்த மேனிக்கு அப்படியே இருந்தது.

"என்னைப் பாரு. வேர்வையைக்கூடத் துடைக்கல. படபடன்னு அஞ்சு. இதெல்லாம் ரத்தத்துலயே இருக்கணும்யா."

"ஆமாங்கய்யா" என்று ஏட்டு தலையைச் சொறிந்தார். தேர்வு அதிகாரி மதிப்பெண்ணைக் குறித்துக்கொண்டு போனார்.

ஏட்டு துப்பாக்கியைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது, ஆயுத அறையிலிருந்த பெண் காவலர் குரலைத் தாழ்த்தினார்.

"பதினஞ்சு வருஷமா உங்க குறி தப்பினதே இல்லையேண்ணே?"

"இன்னைக்கும் தப்பலம்மா. அய்யா சுட்டது அஞ்சும் அட்டைக்குப் பின்னாடி மண்மேட்டுல கிடக்கு. அவர் அட்டையில இருக்கறது என்னோடது."

"எதுக்குண்ணே இந்த வேலை?"

"இதுல பாஸானாத்தான் அவருக்குப் பதவி உயர்வு. உயர்வு வந்தா வேற ஊர். நம்ம ஸ்டேஷனே நிம்மதியா மூச்சு விடும்."

அடுத்த மாதமே உத்தரவு வந்தது. இன்ஸ்பெக்டர் ஏட்டைக் கூப்பிட்டுத் தோளில் கை போட்டார்.

"உன்னை இப்படியே விட்டுட்டுப் போக மனசு வரலய்யா. மேலிடத்துல பேசி, உனக்கும் என்கூடவே மாற்றல் வாங்கிட்டேன். தினம் காலையில ஓட்டம். நானே சுடக் கத்துத் தர்றேன்."

ஓடாமலே ஏட்டுக்கு மூச்சு வாங்கியது.