அலகுக்குள் ஒரு முகம்

மேசை விளக்கின் கீழே, அடுத்த மாதம் விற்பனைக்கு வரப்போகும் மடக்குக்கத்தி விரிந்து கிடக்கிறது. அதன் நிழல் பட்டே மேசைவிரிப்பு இரண்டு இடத்தில் கிழிந்துவிட்டது. நான் வரைந்த வடிவம். பிடியில் ‘வடிவமைத்தவர்’ என்று மாப்பிள்ளை தன் பெயரைப் பொறித்திருக்கிறார். கத்திப் பித்தர்கள் செல்போனும் கையுமாகச் சுற்றி நிற்கிறார்கள். பளபளக்கும் அலகில் எதிரே இருப்பதெல்லாம் தெரியுமாம்; அதை மறைக்க வெள்ளை அட்டை ஒன்று என் கையில்.

“மாமா, ஆடாம புடிங்க. இதுக்காவது உதவுங்களேன்.”

“ஆகட்டும் மாப்ளே.”

ஒவ்வொரு ‘கிளிக்’குக்கும் அட்டை பவ்யமாகக் கீழே இறங்குகிறது. எடுத்த படங்கள் சுடச்சுட ஊரெல்லாம் பறக்கின்றன. ஒருவர் தன் படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கிறார்.

“கத்திக்குள்ள பல்லை இளிக்கிறது யாருங்க?”

மாப்பிள்ளையின் முகம் அட்டையைவிட வெளுக்கிறது.

“அதை வரைஞ்சவன்” என்கிறேன்.