இரண்டாம் வேட்டு

இரண்டாம் வேட்டுச் சத்தம் கேட்டதும் அத்தாயி உலக்கையைச் சுவரில் சாத்திவிட்டுக் கையைத் தட்டினாள்.

“உளுந்துருச்சு! அடியே பாப்பாத்தி, பன்னி உளுந்துருச்சு!”

மலைமேல் குண்டூர் நாட்டில் இதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஒரு வேட்டு என்றால் சுட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். பட்டதோ, தப்பியதோ. அதற்கெல்லாம் எவரும் வேலையை விட்டு எழுந்திருக்க மாட்டார்கள்.

மிருகம் சாய்ந்த பிறகுதான் மறுபடி மருந்து கெட்டித்து, குண்டு போடாமல், வானத்தைப் பார்த்து இன்னொரு வேட்டு. பங்குக்கு வாருங்கள் என்று பொருள்.

அதுவும் வெள்ளைக்காரனின் இந்த உலகச் சண்டைக் காலத்தில், வெடிமருந்து கண்ணால் காணக் கிடைக்காதபோது, எவன் சும்மா ஒரு வேட்டை வீணாக்குவான்?

அந்தப் பன்றி செய்த அட்டூழியம் கொஞ்சநஞ்சமில்லை. மூன்று முறை சாமைக் காட்டில் இறங்கிவிட்டது. தின்றது கொஞ்சம், புரண்டு நாசம் பண்ணியது மீதி. கொத்தியது யார், களை பறித்தது யார், வந்து படுத்துப் புரள்வது யார்! இருக்கிற கதிரும் போனால் கோடை முழுக்க அடிவாரத்து முள்ளுக்குறிச்சிக்கு இறங்கி, கண்டவன் காட்டில் கூலிக்குக் குனிய வேண்டியதுதான்.

அவள் புருஷன் சென்றாயன் விடியலிலேயே துப்பாக்கியை எடுத்துக்கொண்டு, தம்பி மாதேஸ்வரனோடு, ஓடைக்கு அந்தப் பக்கம் இருந்த தங்கள் காட்டுக்குப் போயிருந்தான். அவர்கள் தலை மறைந்ததும் அத்தாயி பெரியண்ணசாமிக்கு ஒரு சேவல் நேர்ந்துகொண்டாள்.

சாமி காது கொடுத்துவிட்டது.

பக்கத்து வீட்டுப் பாப்பாத்தி கூடையோடு வந்து நின்றாள். “ஏனக்கா, சுட்டவனுக்குத் தலை, உளுந்த காட்டுக்காரனுக்குத் தொடை. ரெண்டும் உங்க ஊட்டுக்கே வந்துருச்சு. எங்களுக்கு என்ன, வாலா?”

“வாலுக்கே இந்த வாயின்னா, தொடையக் குடுத்தா ஊரு தாங்காதுடி.”

இருவரும் சிரித்தார்கள். சாமை விதைத்த நாளிலிருந்து அத்தாயி அப்படிச் சிரித்ததில்லை.

அவசரம் ஒன்றும் இல்லை. செத்த பன்றி எழுந்தா ஓடப்போகிறது?

கறி வந்துவிட்டால் எல்லோரும் தன் வாசலில்தான் குந்துவார்கள், அப்போது அம்மியைத் தேடிக்கொண்டிருக்க முடியாது என்று அத்தாயி மிளகையும் இஞ்சியையும் எடுத்து வைத்து அரைத்தாள். நன்றாக, நிதானமாக அரைத்தாள். மேல்வீட்டுச் சின்னக்கண்ணு கத்தியைக் கல்லில் தீட்டி, நகத்தில் வைத்துப் பார்த்து, போதாதென்று மறுபடி தீட்டினான். பாப்பாத்தி போய்த் தலையை வாரிக்கொண்டு வந்தாள். பன்றியைக் கட்டித் தூக்க மூங்கில் எடுக்கப் போன இரண்டு பேர், எது தாங்கும், எது தாங்காது என்று அங்கேயே சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஒருவழியாகக் கிளம்பினார்கள். போகும் வழியில் பங்கு வைக்க வாழையிலை அறுத்தார்கள்.

“எங்கூட்டுக்காரரு குறி எப்பிடி, பாத்தியா?” என்று அத்தாயி வழிநெடுகச் சொல்லிக்கொண்டே வந்தாள். பெருமை அவளுக்குத் தாங்கவில்லை.

ஓடையில் தண்ணீர் நிறைய இருந்தது. அது பாறையில் விழும் இரைச்சலில் பக்கத்தில் இருப்பவர் பேச்சே கேட்கவில்லை. கையைப் பிடித்துக்கொண்டு தாண்டினார்கள்.

சாமைக் காட்டில் பன்றி இல்லை.

கதிர் சாய்ந்த இடத்திலிருந்து ரத்தம் சொட்டுச் சொட்டாகப் புதர்க்காட்டுக்குள் போயிருந்தது. வரப்போரம் மாதேஸ்வரன் உட்கார்ந்திருந்தான். அவன் மடியில் சென்றாயன் தலை வைத்துப் படுத்திருந்தான். தலைப்பாகைத் துணியைச் சுருட்டி அண்ணன் வயிற்றில் வைத்து, இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டிருந்தான் தம்பி. முழங்கை வரைக்கும் ரத்தம்.

பின்னால் வந்த சின்னக்கண்ணு, “பன்னி எங்கடா?” என்று சிரித்துக்கொண்டே கேட்டுவிட்டு, அப்படியே நின்றான்.

மாதேஸ்வரன் அவர்களைப் பார்த்தான். கூடைகளைப் பார்த்தான். இலைக் கட்டைப் பார்த்தான்.

“குண்டு பட்டும் திரும்பி வந்து குத்திக் கிழிச்சுருச்சுங்க அண்ணி. அப்பவே வேட்டுப் போட்டனே. கத்துனா ஓடைச் சத்தத்துல கேக்காது. கைய எடுத்துட்டு ஓடியாரவும் முடியல. ரெண்டாம் வேட்டுக்குத்தான எல்லாரும் எந்திரிச்சு வருவீங்க? அதான், இருந்த மருந்த அள்ளிப் போட்டுச் சுட்டேன்.”

அப்போதும் அவன் கையை எடுக்கவில்லை.

“சத்தம் கேட்டிருக்கும், அத்தாயி இப்ப ஓட்டமா வந்துருவான்னு அண்ணன் சொல்லிக்கிட்டேதான் இருந்துச்சு.”

அத்தாயி மண்டியிட்டுப் புருஷன் கழுத்தில் கை வைத்தாள். துடிப்பு இல்லை.

உடம்பில் இன்னும் சூடு இருந்தது.