ரெண்டு நட்சத்திரம்

குடிகாரன் கண்ணுக்கு வெள்ளமும் பூச்சியமாத்தான் தெரியும்னு கந்தோர்ல வேலை செய்ற அத்தனை பேரும் சிரிச்சாங்க. எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு.

ஒஸ்வல்ட் அண்ணன் எங்க நீர்மட்டக் காவலாளி. நாவுல ஊர்க் கந்தோர்ல உட்கார்ந்து கம்ப்யூட்டர் திரையைப் பார்த்துக்கிட்டே இருக்கணும். லக்கல பக்கம் ஆத்துல தண்ணி கூடினா திரை சிவக்கும். உடனே சைரன் பட்டனை அழுத்தணும். தண்ணி ஏறினா மூழ்கிப்போற சப்பாத்துப் பாலத்தைக் கடக்கிற சனம் ஒதுங்கிக்கும்.

போன மாசம் தண்ணி ரெண்டு மீட்டர் ஏறிச்சு. சைரன் ஊதல. பாலத்துல போன இராமசாமியையும் அவர் மகளையும் ஆறு இழுத்துக்கிட்டுப் போயிருச்சு. மகளோட உடம்பு இன்னும் கிடைக்கல.

"திரையில பூச்சியம்னுதான் தம்பி இருந்துச்சு. சிவக்கவே இல்ல."

ஒஸ்வல்ட் அண்ணன் இதையேதான் சொன்னாரு. யாரு நம்புறது? மனுசன் குடியை விட்டு ஆறு வருசமாச்சு. நம்ம ஆளுங்க குடிச்சதை மட்டும் ஞாபகம் வச்சிருப்பாங்க, விட்டதை மறந்துருவாங்க.

நாளைக்கு மேலிடத்துல இருந்து விசாரணைக்கு வாறாங்க. குத்தம் அவர் மேலன்னு முடிவானா வேலை போயிரும். பொலிஸ் கேசும் வரும்.

நான் விடல. எங்க இஞ்சினியர் தங்கேஸ்வரி மேடத்தைக் கெஞ்சி அந்தத் திரையை ஓட்டுற புரோகிராமைத் திறக்க வச்சேன்.

அது வயரும் பெட்டியுமா வரைஞ்ச படம் மாதிரி இருக்கும். ஒரே ஒரு பெட்டிக்குள்ள மட்டும் கணக்கை எழுத்துல எழுதியிருக்கும். மேடம் அந்த வரியையே ரொம்ப நேரம் பார்த்தாங்க.

"பவித்ரன், கணக்குல தண்ணி உயரத்துக்கு ஒண்ணரை அடுக்குப் போடணும், சரியா?"

"ஆமா மேடம்."

"அடுக்குக்குக் கூரை மாதிரி ஒரு குறி போட்டிருக்கு பாருங்க. எக்செல்ல அது சரி. இந்தப் பெட்டிக்குள்ள அதுக்கு அர்த்தமே வேற. இங்க ரெண்டு நட்சத்திரம் போடணும்."

வரியை மாத்தாம, உயரத்தை ரெண்டு மீட்டர்னு கொடுத்தாங்க. விடை பூச்சியம்.

அந்த மனுசன் சொன்னது அத்தனையும் உண்மை.

மேடம் வரியை அழிச்சிட்டு, ரெண்டு நட்சத்திரம் போட்டு மறுபடி எழுதினாங்க. புரோகிராம் ஓடல, மேல இருந்த அம்புக்குறி உடைஞ்சு நின்னுச்சு.

"கடைசியில அரைப்புள்ளி விட்டுப்போச்சு"ன்னு அதையும் போட்டாங்க.

அம்பு ஒட்டிக்கிச்சு. திரும்பவும் ரெண்டு மீட்டர் கொடுத்தாங்க. திரை சிவந்துச்சு.

வாசல்ல நின்ன ஒஸ்வல்ட் அண்ணன்கிட்ட ஓடினேன்.

"அண்ணே, பிழை உங்ககிட்ட இல்ல. கணக்குல."

அவரு படியிலேயே உட்கார்ந்துட்டாரு. சத்தமே இல்லாம அழுதாரு.

"என் வீட்டுக்காரி அந்தோனியம்மா ஒரு மாசமாத் தூங்கல தம்பி. போய்ச் சொல்றேன். மேடத்தைக் கடவுள் நல்லா வச்சிருக்கணும்."

பஸ்ஸைப் பிடிக்க நடந்தாரு. நான் உள்ள வந்தேன்.

"மேடம், பழைய புரோகிராமுக்குக் கொப்பி எடுத்து வச்சிருக்கீங்கதானே? நாளைக்குக் காட்டணும்."

"இல்ல. அதுக்கு மேலயே சேவ் பண்ணிட்டேன்."

"அப்ப எப்படி மேடம் நிரூபிக்கிறது?"

மேடம் திரையை விட்டுக் கண்ணை எடுக்கல.

"அந்தக் கணக்கை எழுதினது நான். 'ஓட்டிப் பார்த்தேன், சரி'ன்னு எழுதிக் கொடுத்தது நீங்க. ரெண்டு உசுரு போயிருக்கு. உங்களுக்கும் பிள்ளை குட்டி இருக்கு, யோசிங்க."

ஒரு தாளை என் பக்கம் தள்ளினாங்க. 'புரோகிராமில் பிழை எதுவும் காணப்படவில்லை.' கீழ அவங்க கையெழுத்து இருந்துச்சு, பக்கத்துல ஒரு இடம் காலியா இருந்துச்சு.

ஒஸ்வல்ட் அண்ணன் பஸ் ஏறுறதுக்குள்ள நானும் கையெழுத்து வச்சிட்டேன்.